வலது முழங்காலில் ஏழு தையல்

எழுபத்தொரு மணித்தியாலம் இருந்தது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மக்டலினக்காவின் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தபோது எண்ணிப் பார்த்தேன். கொழும்பிலிருந்து வரும் விசாரணைக் குழு திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குக் காணாமற்போனவர்களின் மனுக்களை வாங்கும். தட்டச்சில் இருக்க வேண்டும், மூன்று பிரதி வேண்டும், கையொப்பம் வேண்டும். கையால் எழுதியதை எடுக்க மாட்டார்கள். நாற்பத்து மூன்று பேருடைய மனுக்கள் அந்தக் கணினிக்குள் இருந்தன. கணினி முதல்நாள் பின்னேரத்திலிருந்து திறக்கவில்லை.

"கறுத்துப்போய் நிக்கிது," என்றார் மக்டலினக்கா. "முந்தி ரெண்டு தட்டுத் தட்டினா வரும். இப்ப அதுவும் இல்ல."

பெட்டியின் பக்கத்தகடு உள்ளே ஒடுங்கியிருந்தது. அது தட்டியதால் வந்த ஒடுக்கு அல்ல.

"அகப்பையால அடிச்சவ," என்று குசினிக்குள் இருந்து சொன்னாள் மகள் டினோஷா.

"ஓம், அடிச்சன். மனிசருக்கு அடிக்க ஏலாட்டி எதுக்காவது அடிக்கத்தானே வேணும்."

நான் இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிறேன். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் படித்து முடித்தும் வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்தேன். ஆட்களோடு கதைக்கக் கூச்சம். இயந்திரங்களோடு அந்தக் கூச்சம் இல்லை. அதனால் அமிர்தகழியில் யாருடைய பெட்டி நின்றாலும் என்னைக் கூப்பிடுவார்கள். நான் வந்து, குனிந்து, செய்துவிட்டுப் போவேன்.

இந்தப் பெட்டி சுனாமிக்குப் பிறகு வந்தது. கடல் மக்டலினக்காவின் புருஷனையும் வீட்டையும் கொண்டுபோன மறுவருடம், ஒரு வெளிநாட்டு நிறுவனம் பெண்களுக்குத் தட்டச்சு வகுப்பு வைத்தது. ஆறு கணினி தந்தார்கள், படம் எடுத்தார்கள், மூன்று மாதத்தில் போனார்கள். ஐந்து பெட்டிகளும் துருப்பிடித்துச் செத்தன. ஆறாவதை மக்டலினக்கா தலையில் வைத்துக் கொண்டுவந்தார். கல்யாணத்துக்கு முன் சங்கக் கடையில் தட்டச்சுக்காரியாக இருந்தவர். பெட்டியின் அடியில் ஒரு பள்ளிக்கூடத்தின் முத்திரையும், பாவனையிலிருந்து கழித்த திகதியும் ஒட்டியிருந்தன. 2003. எங்கோ ஒரு நாட்டுப் பிள்ளைகளுக்கு உதவாதென்று கழித்ததை இரண்டு வருடம் கழித்து எங்களுக்குத் தந்திருக்கிறார்கள். அந்தத் துண்டை நான் அப்போதுதான் பார்த்தேன். காதெல்லாம் சுட்டது.

2007இலிருந்து பெண்கள் வரத் தொடங்கினார்கள். மாங்கேணியிலிருந்து, கிரானிலிருந்து, களப்புக்கு அந்தப் பக்கத்து ஊர்களிலிருந்து. பிள்ளையைக் கொண்டுபோய்விட்டார்கள், புருஷனைக் கொண்டுபோய்விட்டார்கள், ஒரு கடிதம் அடித்துத் தாருங்கள் என்று வந்தார்கள். மக்டலினக்கா அடித்தார். யார் யாருக்கோ அனுப்பினார்கள். பதில் வரவில்லை. இப்போது சண்டை முடிந்து ஒரு வருடமாகிறது. முதல் தடவையாக ஒரு குழு நேரில் வருகிறது. நாற்பத்து மூன்று மனுக்களும் திரும்ப வேண்டும்.

பட்டினத்துக் கடைக்காரரின் பதிலை ஏற்கெனவே கேட்டிருந்தார்கள். வன்தட்டை முழுதாக அழித்து விண்டோசைத் திரும்பப் போட வேண்டும். அழித்தால் மனுக்களும் அழியும். அந்தப் பெண்களில் பாதிப்பேரைத் தேடிப்பிடித்து மறுபடி சொல்ல வைக்க மூன்று நாள் போதாது. சொன்னதையே மறுபடி சொல்ல வைப்பது எப்படிப்பட்ட வேலை என்று மக்டலினக்காவுக்குத் தெரியும்.

மத்தியானம் அவருடைய தம்பி மத்தேயு வந்தார். முன்பு இயக்கத்தோடு காட்டில் இருந்தவர். 2004இல் இயக்கம் உடைந்தபோது பிரிந்த அணியோடு பட்டினத்துக்கு வந்து, துவக்கோடு ஆட்கள் காவல் நின்ற ஓர் அலுவலகத்தில் இருந்தார். இப்போது அதே அலுவலகத்தில் காவல் இல்லை. மேசையும் விசிறியும் இருக்கின்றன. சிபாரிசுக் கடிதம் கொடுக்கிறார். மோட்டார் சைக்கிளை முற்றத்தில் நிறுத்திவிட்டு, செருப்போடு உள்ளே வந்து பெட்டியைப் பார்த்தார். இதையெல்லாம் கிண்டி நேரத்தை வீணாக்காதே, ஞாயிற்றுக்கிழமை அலுவலகத்திலிருந்து புதுப் பெட்டி ஒன்று கொண்டுவருகிறேன், இதைக் கழற்றி என்னிடம் தா, என்று அக்காவிடம் சொன்னார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"தங்கச்சி, உள்ளுக்க கிடக்கிறத எல்லாம் வாசிப்பியளோ?"

இல்லையென்று தலையாட்டினேன்.

"நல்லது. வாசிச்சு என்ன செய்யப்போறம். எல்லாத்தையும் அழிச்சுப் பொமற் அடிச்சு விடுங்க."

"நீ போ மத்தேயு," என்றார் மக்டலினக்கா. "நாங்க பாத்துக்குவம்."

ஊரில் யாரையும் கிழித்துவிடும் அந்த மனுஷி தம்பியிடம் மட்டும் குரலை உயர்த்துவதில்லை. சிபாரிசு தேவைப்படுகிற ஊரில் அது புதினமில்லை என்றுதான் நான் நினைத்தேன்.

என் பையில் மூன்று இறுவட்டுகள் இருந்தன. விண்டோசுக்குப் பதிலாக ஓடக்கூடிய, காசில்லாமல் கிடைக்கிற இயங்குதளங்கள். இவற்றில் சில இறுவட்டிலிருந்தே ஓடும். முற்றத்தில் சமைத்துச் சாப்பிட்டுவிட்டுப் போகிற ஆள்போல, வீட்டுக்குள் காலே வைக்காது. வன்தட்டு இருந்தபடி இருக்கும். ஆனால் சமைக்க இடம் வேண்டுமே. இந்தப் பெட்டியின் நினைவகம் நூற்றியிருபத்தெட்டு மெகாபைட். இன்றைய கணினிக்கு அது ஒரு கோழிக்கூடு.

முதலாவது தபாலில் வந்த உபுண்டு. அழகானது. அதைத்தான் எனக்குப் பிடிக்கும். செம்மஞ்சள் கோடு பாதிவரை வந்து, நாற்பது நிமிடம் அங்கேயே நின்றது. இரண்டாவது ஐம்பது மெகாபைட்டுக்குள் எல்லாவற்றையும் அடக்கியது. ஒரு நிமிடத்தில் திறந்தது. டினோஷா கை தட்டினாள். ஆனால் அது வன்தட்டிலுள்ள மனுக் கோவைகளை வாசிக்கவில்லை, அச்சியந்திரத்தையும் அடையாளம் காணவில்லை. கெதியாக வந்து என்ன பயன்.

"இதிட பேர் என்ன?" என்று மூன்றாவதைக் காட்டிக் கேட்டாள் டினோஷா.

"பப்பி."

"நாய்க்குட்டியா?"

"கடிக்காட்டிச் சரி," என்றார் மக்டலினக்கா.

இறுவட்டுத் தட்டு தானாக வெளியே தள்ளியது. விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். நான்கு நிமிடத்தில் திரை வந்தது. சின்ன ஒலிபெருக்கியிலிருந்து ஒரு நாய் ஒரு தரம் குரைத்தது. அந்த இயங்குதளம் வந்துவிட்டேன் என்று சொல்கிற விதம் அது. முற்றத்து நாய் எழும்பி வந்து வாசலில் நின்று பதிலுக்குக் குரைத்தது. டினோஷா நிலத்தில் இருந்து சிரித்தாள். மக்டலினக்காவுக்கும் வாய் கோணியது. மூன்று நாளில் அந்த வீட்டில் நான் கேட்ட ஒரே சிரிப்பு அதுதான்.

வன்தட்டைத் திறந்தேன். கோவைகள் இருந்தன. பெயர் வைக்காமல் இலக்கம் வைத்திருந்தார். இரண்டிலிருந்து நாற்பத்து நாலு வரை. ஒன்றைக் காணவில்லை. கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்து மேலே போனேன்.

முதல் மனுவைத் திறந்ததும் எல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்தது.

"நாசமாக்கிப் போட்டாய்," என்றார் மக்டலினக்கா. "என்னகா இது? நாற்பத்து மூண்டு பேர்ட உசிரு. நாய்க்குட்டி தின்டுட்டுதா?"

நான் வன்தட்டிலிருந்த பழைய விண்டோஸ் கோவைகளுக்குள் போய், அவர் பாவித்த பாமினி எழுத்துருவை மட்டும் பிரதியெடுத்து இதற்குள் போட்டேன். மறுபடி திறந்தேன். தமிழ் வந்தது. 'எனது மகன் வயலுக்குச் சென்றவர் இன்றுவரை வீடு திரும்பவில்லை.' மக்டலினக்கா கதிரையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். கொஞ்ச நேரத்தில் பால் விடாத பிளேன்ரீயும் ஒரு துண்டு கருப்பட்டியும் வந்தன.

சனிக்கிழமை முழுதும் அச்சடித்தோம். கச்சான் காற்று களப்பிலிருந்து அனலை வாரிக்கொண்டு வந்தது. தாள்களுக்கு மேல் அம்மிக்குழவியை வைத்தோம். நினைவகம் நிரம்பி நின்றுவிடாமல் இருக்க ஒவ்வொரு மனுவாகத் திறந்து, அச்சடித்து, மூடி, அடுத்ததைத் திறக்க வேண்டும். பத்து மனுவுக்கு ஒருதரம் நிறுத்தித் திரும்பத் திறக்க வேண்டும். ஒவ்வொரு தரமும் அது குரைத்தது. இப்போது யாரும் சிரிக்கவில்லை. இரண்டு மணியிலிருந்து ஐந்து மணிவரை மின்சாரம் இல்லை. அந்த மூன்று மணித்தியாலமும் மக்டலினக்கா மின்சாரக்காரரை, கொழும்பை, கப்பலில் குப்பை அனுப்பியவர்களை, சுவர்ப் படத்திலிருந்த யேசுவையும்கூட விடாமல் திட்டியபடி சோறு சமைத்தார். கூனிச் சுண்டலும் மாங்காய்ச் சொதியும். திட்டினாலும் கறியில் உப்பு சரியாக இருந்தது.

யேசுவின் படத்துக்குப் பக்கத்தில் மகன் டிலுக்ஷனின் படம் இருந்தது. பத்தொன்பது வயதில் எடுத்தது. கட்டாரில் வேலை செய்கிறான் என்று ஊருக்குத் தெரியும்.

"மூண்டு வருஷம்," என்றாள் டினோஷா, படத்தைப் பாராமல். "நான் விடுதியில படிச்சிட்டு வாறத்துக்குள்ள சொல்லாமப் போயிட்டான். ஒரு கோல் இல்ல. மாமாட்டத்தான் சொல்லி அனுப்புவானாம், சுகமா இரிக்கானாம். அங்க ஒருத்தியப் பிடிச்சிரிப்பான். வந்தா இந்த வாசல்ல வச்சே செருப்பால அடிப்பன்."

"சோத்தத் தின்னு," என்றார் மக்டலினக்கா. அதற்கு மட்டும் அவர் கத்தவில்லை.

அச்சடிக்கும்போது நான் வாசித்தேன். மத்தேயுவிடம் இல்லையென்று தலையாட்டியிருந்தாலும், சரிபார்க்க வாசிக்கத்தானே வேண்டும். எட்டாம் இலக்க மனுவில், அடையாளங்கள் என்ற இடத்தில், 'வலது முழங்காலில் ஏழு தையல் போட்ட தழும்பு' என்று இருந்தது. பதினோராம் இலக்கத்திலும் இருந்தது. பதினான்கிலும். முடியும்போது எண்ணினேன். பதினொரு பேருக்கு ஒரே முழங்காலில் ஒரே ஏழு தையல்.

மக்டலினக்கா வேலை செய்யும் விதம் எனக்குத் தெரியும். அவர் ஒருபோதும் வெறுந்தாளில் தொடங்குவதில்லை. முன்னைய மனுக்களில் ஏதாவது ஒன்றைத் திறந்து, புது இலக்கத்தில் சேமித்து, பெயரையும் ஊரையும் திகதியையும் மாற்றுவார். கண் தெரியாமலோ களைப்பிலோ மாற்ற மறந்த வரி புதியதற்குப் போகும். அதிலிருந்து இன்னொன்றுக்கு. குழு இதைப் பார்த்தால் ஒருத்தி இருந்து இட்டுக்கட்டிய பொய் என்று நாற்பத்து மூன்றையும் ஒதுக்கிவிடும். சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. வாய் வரவில்லை. அவருடைய கோபத்துக்குப் பயந்தேன். சொல்லாமலே வீட்டுக்குப் போனேன். என்மேல் எனக்கு வந்த கோபத்தில் அன்று சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவர்கள் வரும்போது நான் வாசலில் நின்றேன். சொல்வதென்று முடிவு செய்துகொண்டு போயிருந்தேன். எனக்கு முன்னமே கிரானிலிருந்து சீதேவிப்பிள்ளை வந்து படியில் இருந்தார். அறுபது வயது. வயற்காரி. முதல் பஸ்ஸில் ஒரு சட்டி தயிரோடு வந்திருந்தார். கையெழுத்துத் தெரியாது, பெருவிரல் வைக்க வேண்டும். வைப்பதற்கு முன் வாசித்துக் காட்ட வேண்டும். டினோஷா தாளை எடுத்து வாசிக்கத் தொடங்கிவிட்டாள். எனக்குச் சொல்ல இடம் இல்லாமல் போயிற்று.

மகன் ஜெயரூபன். வயது இருபத்து நான்கு. வயல் வட்டையில் தண்ணீர் கட்டப் போன இடத்தில், இனந்தெரியாத ஆட்களால். டினோஷா நன்றாக வாசிப்பாள். அடையாளங்களுக்கு வந்து, "வலது முழங்காலில் ஏழு தையல்" என்றதும் நின்றாள். தாளை இன்னொரு தரம் பார்த்தாள். கடலடித்த மறுநாள், உடைந்த வள்ளத்தின் தகரம் கிழித்து, அண்ணனின் காலை இவள்தான் பாவாடையால் கட்டிப்பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவள். தையலை எண்ணியவளும் இவள்தான்.

"அம்மா. இது அண்ணன்ட கால்."

"பிழையா விழுந்திட்டு. வாசி நீ."

"அண்ணன்ட காலம்மா இது. இது எப்பிடி இதுக்குள்ள வந்திச்சு?"

"வாசி எண்டு சொன்னன்."

சீதேவிப்பிள்ளை எழும்பவில்லை. கையை மட்டும் உயர்த்தி இருவரையும் நிறுத்தினார்.

"அந்தக் காயத்தத்தான் நானும் கேக்க வந்தன், தங்கச்சி," என்றார் மக்டலினக்காவைப் பார்த்து. "ரெண்டு வருஷத்துக்கு முந்தி நீ வாசிச்சுக் காட்டக்க இந்த முழங்காலச் சொன்னாய். என்ட புள்ள வட்டைக்குப் போகக்க அவன்ட கால்ல ஒரு கீறலும் இல்ல. அப்ப இது பிடிச்சாக்கள்ட கையில வந்த காயமெண்டு நினைச்சன். ஒன்ட தம்பிக்கு அங்கால இஞ்சால ஆக்களத் தெரியும், அவர் மூலமா நீ அறிஞ்சிரிக்காய், எனக்கு மறைச்சு எழுதிவிட்டிரிக்காய் எண்டு நினைச்சன். கேட்டா இன்னும் ஏதும் சொல்லிருவியோ எண்டு பயத்தில கேக்கல்ல. தையல் போட்டிரிக்கானுகள் எண்டா உசிரோட வச்சிரிக்கானுகள்தானே."

மடியிலிருந்து முந்தானையைப் பிரித்து முகத்தைத் துடைத்தார்.

"இந்த ஆடி அமாவாசைக்கும் மாமாங்கம் கோயில்ல வெள்ளிக் கால் ஒண்டு போட்டிட்டு வந்தன். முழங்கால் காயம் மாறட்டுமெண்டு. ரெண்டு வருஷமா ரெண்டு கால். இப்ப காயம் மாறிட்டுதா எண்டு மட்டும் சொல்லு. வேற ஒண்டும் கேக்கமாட்டன்."

அம்மிக்குழவிக்குக் கீழிருந்த தாள்கள் காற்றில் அடித்துக்கொண்டிருந்தன. மக்டலினக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். சீதேவிப்பிள்ளை அவருடைய முகத்தைப் பார்த்தார். பிறகு டினோஷாவின் முகத்தை. பிறகு சுவரிலிருந்த படத்தை. அவருக்கு மெல்ல மெல்ல விளங்கியது. குரல் ஏறவில்லை, இறங்கியது.

"அப்ப ஆர்ட காலுக்கு நான் நேந்தன்?"

மக்டலினக்காவும் அந்தப் படத்தைப் பார்த்தார்.

"சொல்லு. ஆர்ட காலுக்கு? என்ட புள்ளைக்கு ஒண்டுமில்லாம, ஒன்ட புள்ளைக்கா? ஒன்ட புள்ள கட்டார்ல இரிக்கான் எண்டுதானே சொன்னாய்? நாங்க ஒப்பாரி வைக்கக்க ஒனக்கென்னகா, புள்ள உழைக்கிறான் எண்டு இந்தப் படியில இருந்து எத்தினை பேர் சொல்லிரிக்கம். கேட்டுக்கிட்டுத்தானே இருந்தாய்?"

அப்போது மோட்டார் சைக்கிள் வந்தது. மத்தேயு ஒரு கடதாசிப் பெட்டியை அணைத்துக்கொண்டு உள்ளே வந்தார். புதுக் கணினி. அதைக் கதவடியில் வைத்து, நெற்றியைத் துடைத்து, எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். பிறகு பழைய பெட்டியின் வயரில் கை வைத்தார்.

"அக்கா, முடிஞ்சுதுதானே. இதக் கழட்டுவம்."

"கைய எடு," என்றார் மக்டலினக்கா.

மத்தேயு எடுத்தார். அந்தக் குரலை அவர் கேட்டு நெடுங்காலம் ஆகியிருக்க வேண்டும்.

"அந்தக் கதிரையில இரு. பத்து நிமிஷம். உன்ட பெட்டியும் இரிக்கட்டும்." பிறகு என்னிடம் வந்தார். "வதனி, இந்தத் தையல் எதெதில விழுந்திரிக்கோ எல்லாத்தையும் திருத்து. ஒவ்வொருத்தியையும் நான் கூப்பிட்டுக் கேக்கிறன், கால்ல விழுந்தாவது கேக்கிறன். அதுக்கு முந்தி ஒண்டு அடி. பழசில மாத்துற வேல இல்ல. வெறுந்தாளத் திற."

திறந்தேன்.

"இலக்கம் ஒண்டு எண்டு போடு."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இரண்டிலிருந்து தொடங்கிய இலக்கங்கள். ஒன்று கெட்டுப்போகவில்லை. ஒன்று அழிக்கப்பட்டது. அழிப்பதற்கு முன் அதிலிருந்துதான் மற்றதெல்லாம் பிரதியானது. ஏழு தையலும் அதோடு வந்தது.

"பேர், அந்தோனி டிலுக்ஷன். வயது பத்தொம்பது. ரெண்டாயிரத்தி ஏழு, மாசி மாசம் பதினேழாந் திகதி, சனிக்கிழமை பின்னேரம் நாலரை மணி. எங்கட வீட்டில வச்சு. நீலச் சாரம், வெள்ள பெனியன். வலது முழங்கால்ல ஏழு தையல்."

டினோஷா தாளைக் கீழே விட்டாள். மூன்று வருடமாகக் கூப்பிடாத அண்ணன்மேல் வைத்திருந்த கோபம் அவளுடைய முகத்தில் போக இடமில்லாமல் நின்றது. நான் விசைப்பலகையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அக்கா," என்றார் மத்தேயு. எழும்பவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். "பறையாத. டினோஷா இரிக்காள். யோசி."

"மூண்டு வருஷமா இதத்தான் சொல்றாய். கடிதம் அனுப்பாத, அழிச்சிரு, கட்டாரெண்டு சொல்லு, வாய மூடிக்கிட்டு இருந்தா நானே கொண்டுவந்து தாறன், இல்லாட்டி டினோஷா இரிக்காள். நான் அழிச்சன். மூடினன். ஊர்ப் புள்ளையள எல்லாம் அடிச்சன், என்ட புள்ளய விட்டுட்டன். எங்க அவன்? கொண்டு வா பாப்பம்."

மத்தேயு நிலத்தைப் பார்த்தார். சீதேவிப்பிள்ளை படியிலிருந்து எழும்பி உள்ளே வந்து, வாசலை மறித்தாற்போல நின்றார். ஒரு சின்ன மனுஷி. ஆனாலும் அவரைத் தாண்டி யாரும் போகவில்லை.

நான் அடித்து முடித்த இடத்தில் கடைசி வரி இருந்தது. எல்லா மனுவிலும் அது ஒன்றுதான். யார் கொண்டு சென்றது. நாற்பத்து மூன்று தரமும் 'இனந்தெரியாத ஆட்கள்' என்று இருந்தது. விரல் தானாக முதல் இரண்டு எழுத்தை அடித்துவிட்டது. அழித்தேன். மூன்று நாளில் முதல் தடவையாக நானாக ஒன்று கேட்டேன்.

"அக்கா, ஆர் கொண்டு போனது எண்டு போடுறது?"

மக்டலினக்கா என்னைப் பார்க்கவில்லை. திரையைப் பார்க்கவில்லை. கதிரையில் இருந்தவரைப் பார்த்து, மனு வாசித்துக் காட்டும் அதே குரலில், ஒவ்வொரு சொல்லாக, நான் அடிப்பதற்கு நேரம் விட்டுச் சொன்னார்.

"இனந்தெரிஞ்ச ஆள், புள்ள. என்ட கூடப்பிறந்த தம்பி. வேதநாயகம் மத்தேயு. நான் அவனுக்குத் தேத்தண்ணி ஊத்தப் போன நேரத்தில, மருமகனே வா எண்டு தோள்ல கை போட்டு, என்ட புள்ளயக் கூட்டிப் போனது இவன்தான்."